உன் அம்மாவின் விமானமும் என் வாயும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், என் முழங்கால் சுமாரான நலம், வாசல் கதவு மட்டும் மழையில் ஊறி உப்பிப்போய் நலமில்லாமல் நிற்கிறது. அங்கே நீயும், எவ்வளவு இழுத்தாலும் மூடாத உன் ஜன்னலும், சமையல் என்ற பெயரில் நீ தினமும் கருக்குகிற ரொட்டியும் நலம்தானே? அம்மாவின் நலத்தை ஏன் முதல் வரியிலேயே எழுதவில்லை என்று இந்நேரம் உன் மூக்கு சிவந்திருக்கும். பதறாதே, உட்கார்ந்து படி. நான் இப்போது கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து இதை எழுதுகிறேன். உள்ளே உன் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். சின்ன வேலைதான், மரத்துப்போக மருந்து விட்டிருக்கிறார்கள், வலிக்காது, சாயந்திரமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எனக்கு எதிரில் உட்காருகிறாள், நான் வாயைத் திறக்கும் முன்பே மேசைக்கு அடியில் என் காலை மிதிக்கிறாள். நாலு ஞாயிறாக வாங்கிய மிதியில் என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. உனக்குத் தெரிந்தால் அந்தப் புது வேலையை அப்படியே போட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பாய் என்பது அவள் பயம். நியாயமான பயம்தான், நீ அப்படிப்பட்ட ஆள்தான். வந்து நிற்க மாட்டேன் என்று நீ மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டதாக எடுத்துக்கொண்டு ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன்.

நீ கிளம்பிப் போனபோது உன் அம்மாவுக்கு மகள் மட்டும் போகவில்லை, வாயும் போய்விட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் தரையில் நின்று ரேடியோப் பெட்டியால் பறக்கவிடும் அந்தக் குட்டி விமானம் அடுத்து என்ன வித்தை காட்ட வேண்டும் என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. போட்டியில் பறக்கவிடுகிறவர் ஒரு நொடிகூட விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது, அதனால் பின்னால் ஒருவர் நின்று சொல்லியே ஆகவேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் அந்த மைதானத்துக்கு வந்த சில நாளிலும் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரு பொம்மைக்கு எதற்கம்மா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன், நீ மறந்திருக்க மாட்டாய், உனக்கு அந்த மாதிரி விஷயங்களில் யானை ஞாபகம். உன் இடத்துக்கு முதலில் வந்தவர் நம் பேக்கரிக்காரர், கிளப் செயலாளர் என்ற மரியாதைக்காக. தங்கமான மனிதர், ஆனால் எதையும் பதமாக வேகவைத்துத்தான் வெளியே எடுப்பார். அடுத்த வித்தையின் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் விமானம் மைதானத்தைத் தாண்டி அடுத்த ஊர் எல்லையை எட்டிவிடும். இரண்டு மாதம் பொறுத்தாள். ஒருநாள் காலை நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கண்ணாடியில் என் பின்னால் வந்து நின்றாள். முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்துல மைக்கைப் பிடிச்சிட்டு ஊருக்கெல்லாம் வழி சொன்னீங்களே, எனக்குக் கொஞ்சம் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அப்படித்தான் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது.

முதல் நாளே மானம் கப்பலேறியது. எதையும் இரண்டு முறை சொல்வது என் தொழில் பழக்கம் இல்லையா, பஸ் எண்ணை ஒரு முறை மட்டும் சொன்னால் யார் காதில் விழும்? அதே பழக்கத்தில் கரணம், கரணம் என்று கணீரென்று சொன்னேன். அவளும் ஒன்றுக்கு இரண்டாகக் கரணம் அடித்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவும் முடியாது, திட்டவும் முடியாது, காது மட்டும் சிவந்தது. இன்னொரு நாள் விமானம் இறங்கும்போது, பயணிகள் தங்கள் உடைமைகளைச் சரிபார்த்துக்கொள்ளவும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மைதானமே சிரித்தது, அவள் சிரிப்பில் கை ஆடி விமானம் தவளை மாதிரி மூன்று தாவு தாவி நின்றது. வித்தைகளுக்கு அவள் எழுதிக்கொடுத்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன். நெட்டுக்கு ஒரு வட்டம் போட்டு வந்தால் கரணம். போகிற போக்கிலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் உருளல். வயிறு வானத்தைப் பார்க்கப் போனால் மல்லாக்க. ஒரு இறக்கை மேலேயும் ஒன்று கீழேயுமாகச் சாய்ந்து போனால் ஒருக்களிப்பு. செங்குத்தாக ஏறி, உச்சியில் மூச்சு நின்ற மாதிரி ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் தலை கவிழ்ந்து, ஏறின வழியிலேயே விறுவிறுவென்று இறங்கும் பார், அதற்கு நான் வைத்த பெயர் மாமியார் வீட்டுப் பயணம். உன் அம்மாவுக்கு இந்தப் பெயரில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. ரிமோட் என்று சொன்னாலும் கோபம் வருகிறது, டி.வி.யா பார்க்கிறோம் என்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷமாக வீடெல்லாம் பறக்கும் மரத்தூளைச் சபித்தவன் நான். இந்த வருஷம்தான் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த இறக்கை எப்படி உருவாகிறது என்று முழுசாகப் பார்த்தேன். பஞ்சு மாதிரி கனமில்லாத அந்த பால்சா மரத்தில் மீன் முள்ளைப் போல வரிசையாகத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் இழைத்து, கோத்து ஒட்டி, மேலே மெல்லிசாக நிறத்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சுருக்கமே இல்லாமல் இழுத்துப் பிடிக்கிறாள். வேலை பார்க்கிற பல் லேபில் வாய்க்குள் உறுத்தாமல் பல் செட் செய்து பழகின கை அல்லவா, விரலால் தடவியே அரை மயிரிழை மேடு எங்கே என்று சொல்லிவிடுகிறாள். அந்த இஸ்திரிப் பெட்டியில் என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கூடாது என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

விரலால் தடவி என்று எழுதினேன் பார், அங்கேதான் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் எல்லாவற்றையும் தடவிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள், சோம்பல் என்று நினைத்தேன். லேபில் ஒரு பெரியவருக்குச் செய்த முன்பற்கள் பக்கத்துப் பல்லைவிட நாலு மடங்கு மஞ்சளாகப் போய், அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்னம்மா எனக்குச் சோளம் முளைச்சிருக்கு என்று கேட்டுத் திரும்பக் கொண்டுவந்தாராம். முதலாளி பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இவள் புது டியூப்லைட் மேல் பழியைப் போட்டு, அந்த லைட்டையும் மாற்ற வைத்துவிட்டாள். மைதானத்தில் இன்னும் வேடிக்கை. விமானம் தூரத்தில் போகும்போதெல்லாம், இப்ப அது என்ன பண்ணுது சொல்லுங்க பாக்கலாம் என்று கேட்பாள். நானும் இடது இறக்கை கொஞ்சம் தாழ்வா இருக்கு, மூக்கு தூக்கலா இருக்கு, நம்மைவிட்டுத் தள்ளிப் போகுது என்று ஒப்பிப்பேன். ம், பரவாயில்லையே என்பாள். எனக்குப் பரீட்சை வைத்துப் பாடம் சொல்லித் தருகிறாள் என்று நம்பி, வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். எட்டு கொடுப்பாள். ஒருநாள் ஒன்பது கொடுத்தாள், அன்று முழுக்க நான் விசில் அடித்துக்கொண்டே திரிந்தேன். இந்த வயதில் என்னைவிட வடிகட்டின முட்டாளை நீ பார்த்திருக்க மாட்டாய்.

போட்டி போன மாதம் முதல் சனிக்கிழமை. பத்து வித்தை, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம், நம் ஆரஞ்சு விமானம் அதில் தணலாகத் தெரிந்தது. அவள் அன்றைக்குப் பறக்கவிட்ட அழகை நீ பார்த்திருக்க வேண்டும். கரணம் காம்பஸ் வைத்து வரைந்தது போல வந்தது, மல்லாக்கப் போனபோது ஒரு நூல்கூட ஏறவில்லை இறங்கவில்லை. நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த நடுவர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பட்டியல் ஒட்டினார்கள், உன் அம்மா முதலிடம். வருஷா வருஷம் கோப்பையை வாங்கிக்கொண்டு போகும் டயர் கடைக்காரர் இரண்டாமிடம், அவர் வந்து அவளுக்குக் கை கொடுத்தபோது மீசை மட்டும் சிரித்தது. நான் பேக்கரிக்காரர் கொண்டுவந்த பன்னை இரண்டு சாப்பிட்டேன், அவள் ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் மெதுவாக வெளுத்துக்கொண்டிருந்தது. எங்கள் முறை வருவதற்குள் நீலம் போய், பால் கொட்டின மாதிரி ஒரே வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை. எனக்கு அது வெறும் மேகமூட்டம். அவளுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியாது.

முதல் ஆறு வித்தையும் குறையில்லை, ஆனால் அவள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், எங்கே இருக்கு, எந்தப் பக்கம் சாயுது என்று. போட்டியில்கூடவா பரீட்சை வைப்பாள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஏழாவது, மாமியார் வீட்டுப் பயணம். விமானம் நட்டக்குத்தலாக ஏறியது, ஏறி ஏறி ஒரு புள்ளியாகப் போய் உச்சியில் நின்றது. அவள் தலை அசையவில்லை. உதடு அசையாமல், ஏங்க, எனக்குத் தெரியல, பேசுங்க, நிறுத்தாம பேசுங்க என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எட்டு மாதத்துப் பரீட்சையும், சோளப் பல்லும், ஊசி நூலும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு என் நெஞ்சில் வந்து இறங்கியது. யோசிக்க நேரமில்லை. பேசினேன். திரும்பிடுச்சு, மூக்கு நேரா கீழே, வயிறு நம்ம பக்கம், இன்னும் விடு, விடு, இப்ப இழு, மெதுவா, போதும், நேராயிடுச்சு. அவள் விரல் என் சொல்லுக்கு அரை நொடி பின்னால் அசைந்தது. விமானம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் சாலையை நோக்கிப் போனது, அங்கே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. இடது, இடது, இன்னும் இடது என்றேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மைதானத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. பின்னால் இருந்த நடுவர்களுக்கு எதுவும் தெரியாது, விமானத்தைக் கொஞ்சம் அகலமாகத் திருப்பினாள் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்தது என்ன, சொல்லுங்க என்றாள். அடுத்தது எட்டாவது, மல்லாக்க, தலைக்குமேல் இரண்டு ஆள் உயரத்தில் மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். நான் சொல்லவில்லை. மூணுதான் பாக்கி, சொல்லுங்க என்றாள் மறுபடியும். நான் வாழ்க்கையில் ஒரு பஸ்ஸைக்கூட அறிவிக்காமல் விட்டதில்லை. இறக்கும்மா என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மனப்பாடம், எங்கே இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும், முதல் இடத்துல இருக்கேங்க, இந்த ஒரு தடவை என்றாள். முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை, அதற்கும் நான் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எட்டாவதுக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன், இறக்கறதுன்னா கடைசி அடி வரைக்கும் கூட நிக்கிறேன் என்றேன். விமானம் ஒரு சுற்று சும்மா சுற்றி வந்தது. எனக்கு அந்தச் சுற்று ஒரு யுகம். அப்புறம் வேகத்தைக் குறைத்தாள். நான் சொல்லச் சொல்ல இறக்கினாள். இடது கொஞ்சம், நேர், உயரம் அதிகம், விடு, இன்னும் விடு, இப்ப மூக்கைப் பிடி. புல்லில் ஒரு சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் நீ அந்த இடத்தில் எவ்வளவு லேசாக நின்றுகொண்டிருந்தாய், நான் நிழலில் குறுக்கெழுத்துப் போட்டியில் மூன்று எழுத்து தேடிக்கொண்டிருந்தேன்.

பாதியில் விட்டதால் மூன்று வித்தைக்கும் பூஜ்யம், பட்டியலில் ஆறாமிடம். மீசை இந்த முறை முழு முகத்தோடு சிரித்தது. பேக்கரிக்காரரின் வேனில் வீட்டுக்கு வந்தோம், அவள் முன்சீட்டில், நான் பின்னால் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஒரு இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேச்சு இல்லை என்று சொன்னால் தப்பு, சுவரோடு பேசினாள். சுவரே, டீ ஆறிப்போகுது. சுவரே, குளிக்கத் தண்ணி சூடா இருக்கு. நானும் சுவரிடம், அவங்களைச் சாப்பிடச் சொல்லு என்று சொல்லி அனுப்பினேன். சுவர் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்கியது. கண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால் சண்டையாகும், சண்டையானால் அவள்தான் ஜெயிப்பாள், ஜெயித்துவிட்டால் டாக்டரிடம் போகமாட்டாள். நாலாம் நாள் காலை பட்டறை அறையில் இஸ்திரிப் பெட்டிச் சூட்டு வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சுவரை அல்ல, ஏங்க என்று என்னையே கூப்பிட்டாள். போனேன். கையில் நிறத்தாள் சுருள் இரண்டு வைத்திருந்தாள். நிமிராமலே, இதுல வெள்ளை எது என்று கேட்டாள். உன் அம்மாவைத் தெரியும் உனக்கு. அவள் என்னிடம் நிறம் கேட்டாள் என்றால் அது நிறத்தைக் கேட்டதல்ல. வலது கையில இருக்கறது வெள்ளை, இடது கையில இருக்கறது மஞ்சள் என்றேன். இரண்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்றாள். அப்புறம், அந்தப் பெரியவர் பல்லு உண்மையிலேயே சோளம் மாதிரிதான் இருந்திருக்கும், பாவம், நான் அவரைப் போய்ச் சண்டை போட்டு அனுப்பினேன் என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரியாகிவிட்டது. நான் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். சாலையில வந்த பஸ்ஸு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு என்று கேட்டாள். தூரமாத்தான் இருந்துச்சு என்றேன். பொய் சொல்லாதீங்க என்றாள். கிட்டத்துல என்றேன். மறுநாளே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

டாக்டர் இளம்பெண், உன் வயதுதான் இருக்கும், உன்னை மாதிரியே வேகமாகப் பேசுகிறாள். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது, இதை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். உன் அம்மா என்னைக் கை காட்டி, இவரை வச்சுத்தான் என்றாள். அப்புறம் ரொம்ப சாதாரணமாக, இருநூறு மீட்டர் தூரத்துல ரெண்டு கை அகலத்துக்கு ஒரு பொருள் தெரியுமா என்று கேட்டாள். எதுக்கு என்றாள் டாக்டர். எதிர்த்த மாடியில காயப்போட்ட துணி பறந்துடுச்சான்னு பார்க்க என்று உன் அம்மா சொன்னாளே பார்க்கலாம், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வலது கண் இன்றைக்கு, இடது கண் ஐந்து வாரம் கழித்து. அதுவரைக்கும் தலை குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தூசி ஆகாது, மரத்தூள் கூடவே கூடாது. பட்டறை அறையைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று உனக்குக்கூட எழுதமாட்டேன், நீ அம்மா கட்சி.

இதோ, கதவு திறந்து நர்ஸ் என்னைத்தான் கூப்பிடுகிறாள். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

இது மறுநாள் மத்தியானம் எழுதுவது. நேற்று கண்ணுக்கு மேலே ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டி, சல்லடை வைத்த மாதிரி அனுப்பினார்கள். வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள், படி வந்தால் நான் அறிவித்தேன், ஒரு தடவைதான் அறிவித்தேன். இன்று காலை போய் மூடியை எடுத்தார்கள். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். மேலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். டாக்டர் சிரித்துவிட்டாள். அப்புறம் உன் அம்மா என் பக்கம் திரும்பி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ நெகிழ்ச்சியாகச் சொல்லப்போகிறாள் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். காதுல முடி வெட்டணும் என்றாள்.

வெளியே பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. இனிமேல் அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், அடுத்த வித்தை எது என்று சொல்ல யார் நின்றாலும் ஆகும், நான் மறுபடியும் நிழலுக்கும் பேப்பருக்கும் போக வேண்டியதுதானே. அவளே சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட்டால் கௌரவம் என்று நினைத்து, பேக்கரிக்காரரையே திரும்பக் கூப்பிட்டுக்கோயேன், அவர் இப்ப கொஞ்சம் வேகமாப் பேசறார் என்றேன். அவள் கைப்பையைத் திறந்து, சொட்டு மருந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டு, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். போட்டியில் ஒரு படி மேலான அடுத்த பிரிவுக்கான வரிசை, பதினேழு வித்தை. எல்லாம் அவள் கையெழுத்து. உன் அம்மாவின் எழுத்து முத்துக் கோத்தது போல இருக்கும், தெரியுமே உனக்கு. இதில் ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்து ஏறிக்கிடந்தது, ஒன்பதாவது வரி பத்தாவது வரியின் மேல் சரிந்திருந்தது, சில இடத்தில் பேனா தாளைவிட்டு இறங்கிப்போய் மேசையில் எழுதியிருக்கிறது. எப்ப எழுதினே என்றேன். போன வாரம் என்றாள். படிச்சு வச்சுக்குங்க, இதுல ஆறு நீங்க பார்த்ததே இல்லை என்றாள். பஸ் வந்தது. நான் அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினேன்.

இப்போது அவள் உள்ளே தூங்குகிறாள், மணிக்கொரு தரம் நான்தான் மருந்து விடுகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியது சில உண்டு. ஜன்னலுக்குத் தாளை நாலாக மடித்து அடியில் செருகு, மூடும், இதை மூன்று தடவை சொல்லியாயிற்று. ராத்திரி படுத்துக்கொண்டு போனை மூக்குக்கு நேராக வைத்துப் பார்க்காதே. உன் அம்மா வழியில் இந்தக் கண் கோளாறு சீக்கிரமே வருமாம், டாக்டர் சொன்னாள், ஆகவே இந்த மாதத்துக்குள் நீ ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட வேண்டும், சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும், பார்த்தேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. வேலையிடத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். முதலில் நீ பேசு, மெதுவாக, ஒரு தடவை மட்டும். எங்களுக்காக லீவு போட்டு ஓடிவராதே. இடது கண்ணும் நல்லபடியாக முடிந்து, மழை விட்டு, மைதானத்தில் புல் வெட்டின பிறகு வா, அப்போது வந்து நிழலில் உட்கார், என் பேப்பரைத் தருகிறேன். எங்கே இருந்தாலும் உடம்பு சுகமாக, மனசு நிமிர்ந்து, நூறு வருஷம் நன்றாக இரு என் கண்ணே. அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்திதான், அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

முக்கியமான ஒன்று. வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போது அவளே கண் விஷயத்தைச் சொல்லப்போகிறாளாம், உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நேற்றிலிருந்து ஒத்திகை பார்க்கிறாள். முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி கேள். உனக்கு நடிப்பு வராது என்று சொல்லாதே. நான் இங்கே நன்றாகச் சாப்பிடுகிறேன் அப்பா என்று வாராவாரம் சொல்வாயே, அந்த அளவுக்கு நடித்தால் போதும்.

பதினேழையும் மனப்பாடம் செய்யத் திணறிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா